இரண்டு அட்டை உயரம்

ஒரு ஊரிலே ஒரு கடல் இருந்ததாம். கடலுக்குப் பக்கத்திலே ஒரு தெரு, தெருவுக்குள்ளே ஒரு வீடு, வீட்டு மேலே ஒரு மாடி அறை, அறைக்குள்ளே ஒரு மனுசன், மனுசன் மடியிலே ஒரு கிட்டார், கிட்டாரிலே ஆறு கம்பி, கம்பிக்குக் கீழே ஒரு சந்து. கட்டெறும்பு தலையை நிமிர்த்திக்கொண்டு போக முடியாத அந்தச் சந்துக்குள்ளேதான் தூத்துக்குடி கபிரியேல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவின நேரத்திலிருந்து மாட்டிக்கொண்டு கிடந்தான். சாயங்காலம் இஞ்ஞாசி வருகிறான். வந்து, உட்கார்ந்து, கேட்டு, சரி என்று தலையை ஆட்டினால் நாளைக்கு ராத்திரி மாதா கோயில் திருவிழா மேடையில் கபிரியேல் பழையபடி டிரம்ஸுக்கு வலது பக்கம் நிற்பான். ஆட்டாவிட்டால் இதே நாற்காலி, இதே ஜன்னல், இதே சுவர். பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்தவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான், இடம் காலியாக இருக்கிறது, கபி சும்மாதானே இருக்கான், கேட்டுப் பார்ப்போம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரம்ஸ் அடிக்கிற இஞ்ஞாசியையே அனுப்புகிறார்கள். சும்மா இருக்கிறானாம். வாரத்தில் ஆறு நாள் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போய் வருகிறவனைச் சும்மா இருக்கிறான் என்று சொல்ல அந்தக் குழுவால்தான் முடியும். அவர்களுக்கு மேடை ஏறாதவன் எல்லாம் சும்மா இருக்கிறவன். அந்தப் பேச்சில் கோபப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் கபிரியேலுக்குக் கோபம்.

கம்பியை எவ்வளவு உயரத்தில் வைப்பது. இவ்வளவுதான் கேள்வி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கிட்டாரின் அடிப்பக்கம் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன இரும்புக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அந்தக் குதிரையின் காலில் குண்டூசித் தலை அளவுக்குத் திருகாணி, அதற்கென்று வளைந்த சாவி ஒன்று. வலப்பக்கம் திருகினால் கம்பி எழும்பும், இடப்பக்கம் திருகினால் படுக்கும். எழும்பினால் ஓசை சுத்தம், ஆனால் அழுத்தி அழுத்தி விரல் நுனி எரியும். படுத்தால் விரலுக்குச் சுகம், ஆனால் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கோடுகளில் கம்பி உரசி, தகர டப்பாவுக்குள் வண்டு விழுந்த மாதிரி கிர்ரென்கும். அளந்து பார்க்க அவனிடம் தேதி முடிந்துபோன ஏடிஎம் அட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று அவனுடையது, இன்னொன்று சகாயராணி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும்போது மேசையில் போட்டுவிட்டுப் போனது. இரண்டையும் ஒட்டிப் பிடித்து கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைத்தால் நுழைய வேண்டும், இடிக்கக் கூடாது, ஆடவும் கூடாது. காலையில் பூசையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவன் அந்த அட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் முழங்கால் போட்ட பிறகும் அவன் மட்டும் நின்றான், பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தக் காலத்தில் மூன்று அட்டை போகும். அப்போது அட்டை வைத்து அளந்தது யார், கையே அளவு. கடற்கரை மேடை, பின்னால் ஜெனரேட்டர் உறுமும், உப்புக் காற்று மைக்கில் மோதும், முன்னால் பிள்ளைகள் மண்ணில் உருளும், அதற்கெல்லாம் மேலே கேட்க வேண்டும் என்று கம்பியைப் போட்டு அறைவான். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் சகாயராணி அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, என்ன இது, மீனுக்குச் செதில் இருக்க மாதிரி இருக்கு, இதோட என்னத் தொடாதிய என்றாள். சொல்லிவிட்டு விடவில்லை, பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். இப்போது அந்த நுனிகள் சின்னப் பிள்ளை கன்னம் மாதிரி இருக்கின்றன. இடது கை மோதிர விரலை மடக்கிப் பார்த்தான். நீட்டிப் பார்த்தான். மேடையை விட்ட நாலு வருசத்தில் ஒரு விரல் செத்துப்போகுமா. செத்துப்போன விரல் மடங்குமா. இந்த விரலை நம்பி மூன்று அட்டை வைக்க முடியாது, ரெண்டுதான், ரெண்டுக்கும் ஒரு மயிரிழை குறைய. வலது கையைப் பற்றி அவனுக்கு நினைப்பே வரவில்லை.

ஒரு கால் திருகு. கம்பி இறங்கினால் சுதியும் இறங்கும், மறுபடி முறுக்க வேண்டும், முறுக்கினால் பக்கத்துக் கம்பி கோபித்துக்கொள்ளும், அதையும் சமாதானம் செய்ய வேண்டும், ஆறு பேர் குடியிருக்கிற வளவு மாதிரி. மூன்றாம் கம்பியை மெதுவாகத் தட்டினான். கிர். இருக்கிறதா இல்லையா. இன்னொரு தடவை. இல்லை. இருக்கிறது. தலையைக் குனிந்து கிட்டாரின் தோளில் காதை வைத்தான், மரத்துக்குள் கேட்டது, கிர், மிகத் தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. கரன்டில் இணைக்காமல் வாசித்தால் எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பாதி உயிர்தான், கட்டிலில் படுத்திருக்கிறவன் பேசுகிற மாதிரிதான் கேட்கும். அப்படித்தான் நாலு வருசமாக வாசிக்கிறான். குடிவந்த அன்றைக்கு வீட்டுக்காரர் சொரிமுத்து அண்ணாச்சி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, சத்தம் மட்டும் ஆவாது நமக்கு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கபிரியேல் எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினான். குழாயை முழுக்கத் திறப்பதில்லை. தும்மல் வந்தால் துண்டை வாயில் வைப்பான். படியில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிக் கீழே போய்ப் போட்டுக்கொள்வான். யாரும் கேட்கவில்லை, யாரும் மெச்சவும் இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். இப்போதுகூடப் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கை தானாகக் கம்பிகளை மூடிக்கொண்டது. இஞ்ஞாசியா. இல்லை, இழுத்து இழுத்து வருகிற கால். அண்ணாச்சி.

"தம்பி, இருக்கியளா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"என்னது?"

"இருக்கேன், இருக்கேன்."

"டேங்குல தண்ணி ஏத்துதேன். நெறஞ்சு வழிஞ்சா ஒரு கொரல் குடுங்க, நான் ரேடியோவ வச்சுட்டு அப்படியே கண்ணசந்துருவேன்." கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, மடியில் கிடக்கிற கிட்டாரைப் பார்த்தார். "என்ன, ரிப்பேரா?"

"இல்ல, சும்ம தொடைக்கேன்."

"தொடைங்க, தொடைங்க. தொடச்சு வச்சாத்தான் வெல போவும்."

இறங்கிப் போய்விட்டார். விலை போவதற்கு என்று யார் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னார். விற்கிறவன் முகம் என்று ஒன்று இருக்கிறதா, அது தனக்கு வந்துவிட்டதா. எழுந்து கண்ணாடியில் பார்க்கலாம் என்று நினைத்து, பார்க்கவில்லை. கீழே ரேடியோவில் யாரோ மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குக் காற்றின் வேகம் சொன்னார்கள். தண்ணீர் நிறைகிற சத்தம் மொட்டை மாடியிலிருந்து வந்தது. அது நிறைந்து வழிந்தால் குரல் கொடுக்க வேண்டுமே. எப்படிக் கொடுப்பது, படியில் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம், அதுதான் மரியாதை. குரல் கொடுப்பது என்றால் எந்தக் குரலில். அண்ணாச்சீ என்று ஒரு தடவை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தான், மனசுக்குள்ளேயே அது மெதுவாகத்தான் வந்தது. இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. அதை அவன் ஒலிக்க விடுவதில்லை, அதிரத்தான் விடுவான். சகாயராணி. அங்கே டூட்டி முடிகிற நேரம்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு. நீ?"

"கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

"சாப்ட்டேன்னு சொன்னேன்."

"இந்த நெட்டு ஒரு சவம். இஞ்ஞாசி அண்ணன் வந்தாவளா?"

"இனிதான் வருவான். கம்பிய எம்புட்டு ஒசரத்துல வைக்கதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அது என்ன ஒசரமோ! ஒங்களுக்கு எட்டுத ஒசரத்துல வச்சுக்கிடுங்க," என்று சிரித்தாள். பின்னால் யாரோ மலையாளத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்… ஏங்க, பயப்படாம வாசிங்க என்ன. நாளைக்கு மேடையில நிக்கத வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இங்க எங்க ரூம்ல எல்லார்ட்டயும் காட்டணும். எங்க வீட்டுக்காரவுக கிட்டார்னு சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கா."

"சரி."

"என்ன?"

"சரின்னேன்."

கேட்டதா கேட்கவில்லையா தெரியாது, வைத்துவிட்டாள். ஒருத்தியும் நம்பவில்லையாம். அவர்கள் எல்லோரும் அவனை போனில்தானே பார்த்திருக்கிறார்கள், போனுக்குள் அவன் கழுத்துவரைதான் இருப்பான், கழுத்துக்குக் கீழே கிட்டார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியாக மேடையில் நின்றது எப்போது. நின்றதா, நிற்காமல் போனதா. அந்த மேடை ரொம்பச் சின்னது, கீபோர்டையும் டிரம்ஸையும் போட்டதும் இடம் முடிந்துவிட்டது, கபி, இந்த ஒரு தடவ கீழ நின்னு பாத்துக்கோல, கிட்டார் சத்தம் கீபோர்டுலயே வரும் என்றார்கள். கீழே நின்று பார்த்தான். வந்தது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவனுடைய இத்தனை வருசக் கை அதிலிருந்து வந்தது, பிசிறு இல்லாமல், சுதி விலகாமல், விரல் எரியாமல். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அடுத்த மேடைக்கு அவன் போகவில்லை, அதற்கு அடுத்ததற்கு அவர்கள் கூப்பிடவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று நடந்திருக்கும். அது இல்லை. ஒரு திருகாணி தானாகக் கழன்று எங்கேயோ உருண்டு போகிற மாதிரி போய்விட்டான். இப்போதும் கீபோர்டு இருக்கிறதே, பிறகு எதற்குக் கிட்டார், என்ற கேள்வியை அவன் தொடப் போய், தொடாமல், மறுபடி சாவியை எடுத்தான். இரண்டாம் கம்பி, ஒரு அரைக்கால் திருகு, இடப்பக்கம்.

எந்த நேரத்தில் அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது, தண்ணீர் வழியாமலே மோட்டார் நின்றிருந்தது. அவன் வாசித்தான், கிர் இல்லை. ஆறு கம்பியிலும் மேலிருந்து கீழே போய் வந்தான், இல்லை. இரண்டு அட்டையை நுழைத்தான், மயிரிழை இடித்தது, அந்த இடிப்பே சரி என்று தோன்றியது. விரலை வைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம், கம்பி தானாக இறங்கி வந்து விரலைச் சந்தித்தது. கண்ணை மூடிக்கொண்டு மாதா பாட்டின் நடுவில் வருகிற நீளமான கிட்டார் துண்டை எடுத்தான், ஊரே தலையாட்டுகிற அந்தத் துண்டு, ஓடியது, வழுக்கியது, மோதிர விரல் உயிரோடுதான் இருந்தது. சிரிப்பு வந்தது. கிடைத்துவிட்டது, உயரம் கிடைத்துவிட்டது, இனி ஒன்றும் பயமில்லை. மேடையில் இஞ்ஞாசி குச்சியை மேலே தூக்கி அவனைப் பார்ப்பான், எப்போதும் பார்க்கிற மாதிரி, அந்தக் குழுவில் கிட்டார்காரன் ஒண்ணு ரெண்டு என்று கணக்குச் சொல்லித் தொடங்குகிற வழக்கம் கிடையாது, டிரம்ஸ்காரன் புருவத்தைத்தான் பார்க்க வேண்டும், புருவம் ஏறினால் உள்ளே வா, இறங்கினால் நில். அந்தப் புருவத்தை நினைத்துக்கொண்டு வாசித்தான். திரும்பத் திரும்ப வாசித்தான். நாற்காலி ஆடவில்லை, ஜன்னல் அதிரவில்லை, கீழே ரேடியோ தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது.

"ஏல கபி, எங்கல போய்ட்ட?"

"வீட்லதான் இருக்கேன்."

"வீட்லயா? ஒன் ரூம் வாசல்லதாம்ல நிக்கேன்!"

கபிரியேல் கண்ணைத் திறந்தான். பாதி திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு இஞ்ஞாசி, போனைக் காதில் வைத்தபடி, கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், மற்றபடி அதே இஞ்ஞாசி, பேன்ட் பின் பாக்கெட்டில் டிரம்ஸ் குச்சிகள் துருத்திக்கொண்டிருந்தன. உள்ளே வந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். கட்டில் கிரீச்சிட்டது, கபிரியேல் தரையைப் பார்த்தான்.

"என்னல ரூமு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. தங்கச்சி போனதும் நீயே பேஷன்ட்டா ஆயிட்டியா? குடு இங்க." கிட்டாரை வாங்கி மடியில் போட்டுக்கொண்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, எந்தக் கிட்டாரைப் பார்த்தாலும் ஒரு தட்டுத் தட்டாமல் விடவும் மாட்டான். மேடையில் எப்படி அடிப்பார்களோ அப்படி, கையை ஓங்கி ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தான்.

சாக்கடைத் தகரத்தில் லாரி ஏறின மாதிரி இருந்தது. கம்பிகள் ஃப்ரெட்டில் விழுந்து புரண்டன, ஓசை எழும்பவே இல்லை, தொண்டையிலேயே அடைத்துக்கொண்டது.

"அட சவமே! கம்பி எல்லாம் படுத்துத் தூங்குது. என்னல பண்ணி வச்சிருக்க?"

"சரியாத்தான் இருந்துது. இப்பதான் வச்சேன். நீ ரொம்ப ஓங்கி அடிக்க."

"ஓங்கி அடிக்காம? நாளைக்குக் கடக்கரையில நின்னு காதுக்குள்ளயா வாசிக்கப் போற?"

கபிரியேல் சாவியை எடுத்தான். ஏற்றினான். ஒவ்வொரு குதிரையாக, கணக்கில்லாமல், அட்டை வைக்காமல் ஏற்றினான். இஞ்ஞாசி பொறுமையாக இருந்தான், ஊர்க்கதை பேசினான், யாருக்குக் கல்யாணம், யார் குழுவை விட்டுப் போனது, கீபோர்டு வாசிக்கிறவன் ரெண்டு கையையும் விட்டுவிட்டு டீ குடித்தாலும் பாட்டு ஓடுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டோம் என்றான். அது என்ன, ஆள் வேண்டும் என்றா சொன்னான், கிட்டார் வேண்டும் என்று சொல்லவில்லையே. அந்த வார்த்தையை யோசித்ததில் கபிரியேல் ஏற்றின குதிரையையே மறுபடி ஏற்றினான். சுதி கூட்டினான். இஞ்ஞாசி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் குச்சியால் தாளம் தொடங்கினான். புருவம் ஏறியது. கபிரியேல் உள்ளே நுழைந்தான்.

இடது விரல்கள் எரிந்தன, எரியட்டும், சரியான இடத்தில்தான் விழுந்தன. ஒரு சுரம் தப்பவில்லை. ஆனால் இஞ்ஞாசியின் குச்சி மெதுவாகிக்கொண்டே போனது. முன்னால் குனிந்தான். இன்னும் குனிந்தான். கடைசியில் குச்சியை வாளிமேல் படுக்க வைத்துவிட்டு, காதை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தான், பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்கிறவன் மாதிரி.

"அடில," என்றான்.

"அடிக்கேன்லா."

"இல்ல மக்கா. அடி."

கபிரியேல் தன் வலது கையைப் பார்த்தான். அன்றைக்கு முழுக்க முதல் தடவையாக. அது கம்பிகளைத் தொடவே இல்லை போல, மேலே தடவிக்கொண்டு போனது, தூங்குகிற பிள்ளையின் முடியைக் கோதுகிற மாதிரி. அதை ஓங்கச் சொன்னான். அது ஓங்கவில்லை. மணிக்கட்டு இறங்குகிற இடத்தில் ஏதோ பிடித்து நிறுத்தியது, நாற்காலிக் காலில் கட்டின துணி மாதிரி ஒன்று.

"ஒண்ணு சொல்லட்டா?" இஞ்ஞாசி அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன்ல. கதவு தெறந்து கெடக்கு, உள்ள ஒரு சத்தமும் இல்ல, ஆளில்லன்னு நெனச்சேன். அதான் போன் போட்டேன். நீ அப்ப வாசிச்சுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"ம்."

இஞ்ஞாசி கவிழ்த்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"நாளைக்கு வேண்டாம் கபி. கீபோர்டுலயே ஓட்டிக்கிடுதோம். அடுத்த தடவ பாப்போம்."

"கம்பிய இன்னும் கொஞ்சம் ஏத்தினா…"

"கம்பில ஒண்ணும் இல்லல." எழுந்தான், குச்சிகளைப் பின்னால் செருகினான், கபிரியேலின் தோளை ஒரு பிடி பிடித்தான். வாசலில் திரும்பி, "ஒன் ஆம்ப் எங்க? வித்துட்டியா?"

"அந்தா, துணிக்கு அடியில."

மடித்த சட்டைகளும் இஸ்திரிப் பெட்டியும் ஏறியிருந்த அந்தக் கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டியை இஞ்ஞாசி பார்த்தான். பிறகு படியில் இறங்கினான். செருப்பு போட்ட கால், தட் தட் என்று, யாருக்கும் பயப்படாத கால்.

கபிரியேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி அண்ணாச்சி வாசல், இனி இரும்புக் கேட்டு, இனி தெரு. பிறகு வீடியோ இல்லை, பிறகு அவளிடம் என்ன சொல்வது, கம்பி சரியில்லை என்று சொல்லலாம், கேக்கல, சத்தமாச் சொல்லுங்க என்பாள், கம்பி சரியில்ல, என்ன, கம்பி, என்ன. எழுந்தான். சட்டைகள் தரையில் விழுந்தன, இஸ்திரிப் பெட்டி கட்டிலில் விழுந்தது. வயரைச் செருகும்போது கை ஓட்டையைத் தேடியது. பொத்தானைத் தட்டினதும் பெட்டி ஹூம் என்றது, நாலு வருசத் தூக்கத்திலிருந்து. ஓசைத் திருகை எவ்வளவு வைப்பது. பார்க்கவில்லை, திருகினான். இரண்டு அட்டையா, மூன்று அட்டையா, தெரியாது, கம்பி கைக்குக் கீழே கொடிக்கயிறு மாதிரி உயர்ந்து நின்றது. இடது கைக்கு இது உயரம் இல்லை. வலது கைக்கு இதுதான் உயரம். அடித்தான்.

ஜன்னல் கம்பி நடுங்கியது. கீழே ரேடியோ நின்றது. நிற்கட்டும். மாதா பாட்டின் அந்தத் துண்டை முதலிலிருந்து எடுத்தான், முதல் திருப்பத்திலேயே மோதிர விரல் வழுக்கி ஒரு சுரம் செத்தது, இன்னொன்று பிசிறியது, விரல் நுனியில் தோல் எரிந்து நெருப்பாகக் காய்ந்தது, வலது கை ஓங்குவதும் விழுவதும் ஓங்குவதும் விழுவதுமாக யாருடைய கையோ போல இருந்தது, பிறகு அவனுடையதாக இருந்தது. செருப்புச் சத்தம் இல்லை. எங்கே நின்றது, கேட்டிலா, தெருவிலா, போய்விட்டானா. பார்க்க முடியாது, ஜன்னலுக்குப் போனால் நிறுத்த வேண்டும். அப்போது கீழிருந்து டங் என்றது. டங், டங், ட டங். இரும்புக் கேட்டில் குச்சி. புருவம் தெரியவில்லை, ஆனால் எங்கே ஏறுகிறது என்று தெரிந்தது. உள்ளே போனான். அந்த நீளமான துண்டு முழுக்க, பிசிறோடும் செத்த சுரங்களோடும், அவன் மேலேயும் இரும்புக் கேட்டு கீழேயுமாகச் சேர்ந்து போனார்கள், கடைசி வளைவில் அவன் கொஞ்சம் முந்தினான், கேட்டு காத்திருந்து பிடித்துக்கொண்டது.

முடிந்தது. கடைசிக் கம்பியை அவன் கையால் அமர்த்தவில்லை, அது தானாக நடுங்கி நடுங்கி அடங்கும்வரை விட்டான். இஞ்ஞாசி ஏதாவது சொல்வான், ஏல கபி, நாளைக்கு வந்துரு என்று கீழிருந்து ஒரு சத்தம் வரும் என்று இருந்தான். கேட்டின் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு தெருச் சரளையில் செருப்பு, தட் தட் என்று, கோயில் பக்கமாக, அவசரமில்லாமல், போய்க்கொண்டே இருந்தது.